ஓடாத எஞ்சினுக்கு ஒன்பது சிலிண்டர்

(சங்கத்தின் ஒன்றுகூடல் விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார். தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார். நிர்வாகம், தலைமைப் பண்பு என்று ஏதாவது பேசுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். அதையெல்லாம் பேச இங்கே தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேசப்போவது விமான எஞ்சின்களைப் பற்றி. அதிலும் காபி டபராவுக்குள் உட்கார்ந்துவிடுகிற விமான எஞ்சின்களைப் பற்றி. மாடல் விமானம் கட்டுகிறவர்களில் ஒரு சிலர், கடையில் விற்கும் பிளாஸ்டிக் பாகங்களை வாங்கி ஒட்டாமல், அலுமினியத் தண்டிலிருந்தும் பித்தளைத் தகட்டிலிருந்தும் எஞ்சினின் ஒவ்வொரு பாகத்தையும் தாமே கடைந்து, அராவி, துளை போட்டுச் செய்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

இதைச் சொன்னவுடன் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, “ஓடுமா?” என்பதுதான்.

ஓடாது. அப்படிச் சொன்னதும் எதிரே இருப்பவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! “இதுக்காய்யா ரெண்டு வருஷம் உட்கார்ந்தே?” என்று நம் வகுப்பு நண்பர் ஒருவர் வாய்விட்டே கேட்டார். அவர் முன்வரிசையில்தான் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். அவருக்குப் பதில் சொல்லும் முயற்சிதான் இந்த உரை.

ஓடுகிற மாடல் எஞ்சின்களும் உண்டு, அதுவும் பெரிய வித்தைதான். முதல் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் இங்கிலாந்தில் பென்ட்லி பி.ஆர்.2 என்று ஒரு எஞ்சின் வந்தது. வடிவமைத்தவர் பின்னாளில் கார்களால் பெயர் பெற்ற அதே டபிள்யூ.ஓ. பென்ட்லி. ஒன்பது சிலிண்டர் கொண்ட ரோட்டரி. கிராங்க் ஷாஃப்ட் அசையாமல் நிற்கும். ஒன்பது சிலிண்டரும் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். சாப்வித் ஸ்னைப் விமானத்தில் இதைத்தான் பொருத்தினார்கள். பிளாக்மோர் என்பவர் இதை நான்கில் ஒரு பங்கு அளவில், நிஜமாகவே ஓடும்படி செய்து, செய்முறையையும் புத்தகமாக எழுதி வைத்தார்.

நான்கில் ஒரு பங்கு என்றால் கொள்ளளவு அறுபத்து நான்கில் ஒரு பங்கு. ஏறத்தாழ 25 லிட்டர் எஞ்சின் 390 சி.சி.யாகச் சுருங்கிவிடும். நம்ம ஊர் 350 சி.சி. புல்லட்டைவிடக் கொஞ்சம் பெரிசு. அந்த அளவில் ஓட வைக்கலாம். ஆனால் மாடல் விமானக்காரர்கள் விரும்புகிற 1/16 அளவுக்குப் போனால் கொள்ளளவு 4096-ல் ஒரு பங்காகிவிடும். 22 லிட்டர் எஞ்சின் வெறும் 5.4 சி.சி. ஒரு சிலிண்டருக்கு 0.6 சி.சி. பெட்ரோல் துளி நமக்காகச் சிறுக்காது. காற்றும் சிறுக்காது. ஸ்பார்க் பிளக்கை ஒரு எல்லைக்குக் கீழே குறுக்க முடியாது. ஆகவே சின்ன எஞ்சினை ஓட வைக்க நினைக்கிறவர் பிளக்கைப் பெரிசாக வைப்பார், ஃபின்களைத் தடிமனாக்கி எண்ணிக்கையைக் குறைப்பார், போல்ட்டுகளைப் பெரிசாக்குவார். ஓடும், ஆனால் பார்த்தால் மூல எஞ்சின் மாதிரி இருக்காது. தோற்றம் பிசகாமல் இருக்க வேண்டும் என்றால் ஓட்டத்தை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். நான் விட்டுக்கொடுத்த பக்கம் அது.

நான் எடுத்துக்கொண்ட எஞ்சின் பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் ‘வாஸ்ப்’, அதாவது ஆர்-1340. வாஸ்ப் என்றால் குளவி. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில், ஃபிரெடரிக் ரென்ட்ஷ்லர் என்பவர் 1925-ல் கம்பெனி தொடங்கி, ஜார்ஜ் மீட், ஆண்ட்ரூ வில்குஸ் என்ற இரண்டு வடிவமைப்பாளர்களை வைத்துக்கொண்டு அந்த வருஷமே கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் முதல் எஞ்சினை முடித்தார். ஒன்பது சிலிண்டர், போர், ஸ்ட்ரோக் இரண்டும் 5¾ அங்குலம், அதாவது 146 மி.மீ. தண்ணீர் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது; காற்றே குளிர்விக்கும். 650 பவுண்டு எடைக்குள் 400 குதிரை சக்திக்கு மேல் கொடுத்தது. பின்னால் வந்த வகைகள் 600 வரை கொடுத்தன. ஏறத்தாழ 35,000 எஞ்சின்கள் தயாராயின.

நமக்கும் இது அந்நியம் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு நம் விமானப்படையில் எத்தனையோ பைலட்டுகள் பறக்கக் கற்றுக்கொண்ட ஹார்வார்ட் பயிற்சி விமானத்தின் மூக்கில் இருந்தது இந்த வாஸ்ப்தான். ஹார்வார்டின் சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அந்த அலறல் எஞ்சினால் வந்தது என்று பலர் நினைப்பார்கள். ஒன்பது அடி புரொப்பெல்லரைப் பல்சக்கரம் இல்லாமல் நேரடியாக நிமிஷத்துக்கு 2250 சுற்று சுற்றினால் நுனியின் வேகம் என்ன? நம் ஆட்கள் மனக்கணக்கிலேயே போடுவார்கள்: விநாடிக்கு 320 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, ஒலியின் வேகத்துக்குப் பக்கத்தில். அலறியது புரொப்பெல்லர்!

சரி, இதை 1/16-ல் செய்ய உட்கார்ந்தால் குறுக்களவு 82 மி.மீ. அதற்குள் ஒன்பது சிலிண்டர், பதினெட்டு புஷ்ராடு குழாய், பதினெட்டு ஸ்பார்க் பிளக்.

முதலில் ஃபின்கள். இந்த வேலையில் பாதி உயிர் ஃபின்களில்தான் போகிறது. மூல எஞ்சினில் இரண்டு ஃபின்களுக்கு நடுவே நாலு மில்லிமீட்டர் இடைவெளி, ஒரு ஃபின்னின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/16-ல் இடைவெளி கால் மி.மீ.; ஃபின்னின் கனம் 0.1 மி.மீ.க்கும் கொஞ்சம் குறைவு. நாம் எழுதுகிற காகிதத்தின் கனம். அப்படிக் காகிதம் காகிதமாக ஒரு அலுமினியத் தண்டைச் சுற்றி நிற்க வேண்டும்; ஒன்றுகூட மடங்கக் கூடாது.

லேத்தில் காடி வெட்டுவது ஒரு வழி. ஹைஸ்பீட் ஸ்டீலில் கால் மி.மீ. அகலத்துக்கு டூல் தீட்டிக்கொண்டு, அதன் முனையைச் சரியாகச் சென்டர் உயரத்தில் வைத்து, வேகமாகச் சுழலவிட்டு மெதுவாக உள்ளே செலுத்த வேண்டும். அலுமினியம் டூலில் ஒட்டிக்கொள்ளும் சுபாவம் உடையது. அதற்குக் கைகண்ட மருந்து மண்ணெண்ணெய். பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுருள் காடிக்குள் அடைத்துக்கொண்டால் பக்கத்து ஃபின் சாய்ந்துவிடும், அந்தச் சிலிண்டர் அவ்வளவுதான். எந்த அலுமினியம் என்பதும் முக்கியம். பாத்திரக் கடையில் கிடைக்கிற மெத்தென்ற அலுமினியம் களிமண் மாதிரி இழுபடும். 6061, 2024 மாதிரி கெட்டியான கலவைகள்தான் சுத்தமாக வெட்டுப்படும்.

இன்னொரு வழி, தட்டுகளை அடுக்குவது. பெரிய வட்டம் ஒன்று, சின்ன வட்டம் ஒன்று என்று ஒரு தண்டில் மாற்றி மாற்றிக் கோக்க வேண்டும். பெரியது ஃபின், சின்னது இடைவெளி. 0.1 மி.மீ. கனத்தில் தகடு எங்கே கிடைக்கும்? குளிர்பானம் வருகிற அலுமினிய டப்பாவின் சுவர் ஏறத்தாழ அந்தக் கனம்தான். வெளிப்பெயிண்ட்டை நீக்கிவிட்டு, பஞ்ச்-டை செய்து வில்லைகளாக அடித்து, மொத்தமாக இரண்டு கட்டைகளுக்கு நடுவே இறுக்கி ஒரே தடவையில் வெளிவிட்டம் கடைந்தால் அத்தனையும் ஒரே அளவு. எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். என் பேரன் குடிக்கிற பானத்தின் மேல் வீட்டில் எனக்கு மட்டும் வேறு விதமான அக்கறை!

இந்த இடத்தில் ஒரு சர்ச்சை உண்டு. ஃபின்களின் எண்ணிக்கை மூலத்தில் உள்ளபடியே இருக்க வேண்டுமா? எண்ணிப் பார்த்துக் குற்றம் சொல்கிற கடுந்தவசிகள் இருக்கிறார்கள். என் கட்சி வேறு. எண்ணிக்கையில் ஒன்றிரண்டு குறைந்தால் பாதகமில்லை. கனத்தைக் கூட்டவே கூடாது. ஃபின் தடித்துவிட்டால் விமான எஞ்சின் கிணற்றடி பம்ப்செட் மாதிரி ஆகிவிடும். கண் எண்ணுவதில்லை, கனத்தைத்தான் பார்க்கிறது.

சிலிண்டர் உடலாவது வட்டம், தலை அப்படியில்லை. இரண்டு ராக்கர் பெட்டிகள் கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் விரிந்து நிற்கும், அவற்றுக்கு நடுவே ஃபின்கள் ஒவ்வொன்றும் வேறு வடிவத்தில் ஓடும். இங்கே லேத் உதவாது. தகடுகளை வெட்டி அடுக்கி, கடைசியில் ஊசி அரத்தால் வடிவம் கொண்டுவர வேண்டும். ஒன்று செய்வது பெரிய காரியம் இல்லை. ஒன்பதும் ஒரே மாதிரி வர வேண்டுமே, அதுதான் சோதனை. ஒரு தலையை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் ஒன்பதும் ஒன்பது விதமாக வரும். ஒரு வேலையைப் பதினொன்றுக்கும் செய்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும். ஆமாம், பதினொன்று. இரண்டு உபரி. தொழிற்சாலையில் இருந்தவர்களுக்கு இது புரியும்.

அப்புறம், இந்த ஒன்பதையும் கிராங்க் கேஸைச் சுற்றி உட்கார்த்த வேண்டும், 40 டிகிரிக்கு ஒன்றாக. மூன்றாம் வருஷத்து மெஷின் ஷாப் வைவா ஞாபகம் வருகிறதா? டிவைடிங் ஹெட்டில் நாற்பது சுற்றுக்கு ஒரு முழு வட்டம். நாற்பதை ஒன்பதால் வகுத்தால் 4 4/9. அதாவது நாலு சுற்று, பிறகு 27 துளை வட்டத்தில் 12 துளை. அன்றைக்கு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தோம். எத்தனை பேருக்கு அது பிறகு உபயோகப்பட்டதோ தெரியாது. எனக்கு உபயோகப்பட்டிருக்கிறது. டிவைடிங் ஹெட் இல்லாதவர்கள் காம்பஸால் தாண்டித் தாண்டிக் குறிக்கலாம் என்று நினைப்பார்கள். 25 மி.மீ. ஆரத்துக்குத் தாண்டல் 17.10 மி.மீ. ஒரு தாண்டலில் 0.05 மி.மீ. பிசகினால் ஒன்பதாவது தாண்டலில் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் சேர்ந்துவிடும். கடைசிச் சிலிண்டர் பக்கத்துச் சிலிண்டர்மேல் சாய்ந்துகொண்டு நிற்கும். அதைவிட, லேத்தின் 45 பல் கியரைப் பின்னால் மாட்டி ஐந்து பல்லுக்கு ஒரு தடவை நிறுத்துவது எவ்வளவோ மேல்.

புஷ்ராடு குழாய்களுக்கு மருந்துக் கடைக்குப் போக வேண்டும். ஊசி போடுகிற சிரிஞ்ச் ஊசிதான்! துருப்பிடிக்காத எஃகு, நேராக இருக்கும், அளவும் கேஜ்படி துல்லியம். 16 கேஜ் 1.65 மி.மீ., 18 கேஜ் 1.27, 21 கேஜ் 0.82. முனையை அராவி மழுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குள் வைக்க வேண்டும், அது வேறு விஷயம். பிளக் ஒயர்களுக்கு மெல்லிய ஈயப் பற்று கம்பி. விரலால் வளைத்தால் வளைந்த இடத்தில் நிற்கும், ரப்பர் ஒயர் மாதிரி எகிறாது. எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பெயிண்ட்டே வேண்டாம். எஃகைச் சூடாக்கினால் 230 டிகிரி பக்கம் வைக்கோல் நிறம், 300 பக்கம் நீலம் என்று உலோகவியல் வகுப்பில் படித்தோமே, அதே நிறங்கள்தான். நிஜ எஞ்சினில் சூடு செய்ததை மாடலிலும் சூடே செய்துவிடுகிறது.

படங்களைப் பார்த்துச் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அருங்காட்சியகங்களிலும் கண்காட்சிகளிலும் எஞ்சின்களைப் பளபளவென்று குரோமியம் பூசி நிறுத்தியிருப்பார்கள். அது கல்யாண அலங்காரம். பறந்துகொண்டிருந்த காலத்தில் கிராங்க் கேஸுக்குச் சாம்பல் நிறப் பெயிண்ட். மேலே எண்ணெய்ப் பிசுக்கு.

இப்போது நண்பருடைய கேள்விக்கு வருகிறேன். எதற்காக இது?

ரேடியல் எஞ்சினில் ஒன்பது பிஸ்டன்களும் ஒரே கிராங்க் பின்னைத்தான் சுற்றுகின்றன. ஒன்பது கனெக்டிங் ராடுகளை ஒரே பின்னில் எப்படி மாட்டுவது? ஒன்று மட்டும் மாஸ்டர் ராடு. அதன் பெரிய முனையைச் சுற்றி எட்டுச் சின்னப் பின்கள். அவற்றில் மீதி எட்டு ராடுகள் தொங்குகின்றன. இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது, பரீட்சையில் எழுதியும் இருக்கிறோம். ஆனால் மாஸ்டர் ராடைக் கையில் வைத்துக்கொண்டு கிராங்க் ஷாஃப்டில் கோக்கப் போனால்தான் தெரிகிறது, அது போகாது! இரண்டு பக்கமும் கிராங்க் கன்னங்கள் மறிக்கின்றன. ஒன்று, ராடின் வளையத்தை இரண்டாகப் பிளந்து போல்ட் போட வேண்டும். அல்லது கிராங்க் ஷாஃப்டைப் பிளக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. அதற்கு முன்பு பலர் ராடைப் பிளந்தார்கள். பிளந்த வளையம் வேகம் கூடினால் நெளியும். மீட்டும் வில்குஸும் வாஸ்பில் கிராங்க் ஷாஃப்டைப் பிளந்து, ராடை ஒரே துண்டாக விட்டார்கள். அந்த எஞ்சின் அத்தனை வேகமாகச் சுற்றியதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

என் மேஜையில் அந்த ராடின் நீளம் இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. ஓடப்போவதில்லை, நெளியப்போவதும் இல்லை. ஆனாலும் கோக்கும்போது எனக்கு வந்த தடை, 1925-ல் அவர்களுக்கு வந்த அதே தடை. அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று சொல்கிறேன். ஒவ்வொரு வரிசையிலும் ஒற்றைப்படை எண்ணிக்கையில்தான் சிலிண்டர்கள் ஏன்? நாலு ஸ்ட்ரோக் எஞ்சின், இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வெடிப்பு. ஒன்று விட்டு ஒன்று வெடித்துக்கொண்டே போக வேண்டும்: 1, 3, 5, 7, 9, பிறகு தடையில்லாமல் 2, 4, 6, 8, மறுபடி 1. எட்டுச் சிலிண்டர் வைத்தால் 7-க்குப் பிறகு தாளம் தப்பிவிடும். அந்த ஒன்பதுக்கும் வால்வு திறக்க ஒன்பது கேம் தேவையில்லை. நாலு மேடு உள்ள ஒரு வளையம், கிராங்கிற்கு எதிர்த்திசையில் எட்டில் ஒரு பங்கு வேகத்தில் சுற்றினால் போதும். பட்டறையில் அட்டையில் வெட்டிச் சுற்றிப் பார்த்தேன். என் மனைவி காபி கொண்டுவந்து வைத்து, ஆறிப்போய், எடுத்துக்கொண்டும் போய்விட்டாள்.

இந்தக் கேமும் மாஸ்டர் ராடும் மாடலை மூடிய பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது. தெரியாததைச் செய்ய வேண்டுமா என்றால், என்னைப் பொறுத்தவரை கட்டாயம் இல்லை. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வெளியே இருப்பதைச் சரியாகச் செய்ய முடியாது. புஷ்ராடு குழாய்கள் ஏன் அப்படி விரிந்து போகின்றன என்பதற்குக் காரணம் உள்ளே இருக்கிறது. காரணம் தெரியாமல் செய்தவருடைய குழாய்கள் கோணத்தில் கொஞ்சம் பொய் சொல்லும். இதை நான் பல மாடல்களில் பார்த்திருக்கிறேன்.

ஹவாய்த் தீவுகளில் ஹோனலூலு நகரத்தில் யங் சி. பார்க் என்று ஒரு பல் மருத்துவர். இரண்டாம் உலகப் போர்க்கால முஸ்டாங், கோர்ஸேர் விமானங்களை 1/16 அளவில் முழுக்க அலுமினியத்தில் செய்தவர். கோர்ஸேரின் எஞ்சின் இரண்டு வரிசையில் பதினெட்டுச் சிலிண்டர் உள்ள ‘டபுள் வாஸ்ப்’, நம் வாஸ்பின் பெரிய தம்பி. நான் செய்கிறதெல்லாம் அவர் வேலைக்குப் பக்கத்தில் வராது. அவர் எஞ்சினியர் இல்லை என்பதை இங்கே கூடியிருக்கும் எஞ்சினியர்கள் கவனிக்க வேண்டும். கால் மில்லிமீட்டரில் தினமும் வேலை செய்து பழகிய கை, அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்துவிட்டது. ரெசினில் ஒன்பது சிலிண்டரும் ராத்திரியோடு ராத்திரியாகத் தயாராகிவிடும். பெயிண்ட் அடித்தால் கண்ணுக்கு உறுத்தலே இருக்காது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. வெள்ளெழுத்து வந்து, கை நடுங்குகிற வயதில் அது ஒரு வரப்பிரசாதம். ஆனால் அந்த இயந்திரத்துக்கு வடிவம் மட்டும் போதும். எதை முதலில் செய்வது, எதை எதற்குள் கோப்பது, ஸ்பானர் எந்தப் பக்கத்திலிருந்து நுழையும் என்று அது கேட்பதே இல்லை. லேத் கேட்கும். 19 மி.மீ. நட் 1/16-ல் 1.2 மி.மீ. ஆகிறது. அதை இறுக்க இடம் விட்டிருக்கிறோமா என்று அந்த நட்டே கேட்கும்.

கடைசியாக, தலைவர் அவர்களிடமும் துறைத் தலைவரிடமும் ஒரு விண்ணப்பம். நம் மெஷின் ஷாப்பில் இருந்த அந்தப் பழைய டிவைடிங் ஹெட் இப்போது மரப்பெட்டியில் மூடிக் கிடக்கிறது என்றும், கழிவுப் பொருள் பட்டியலில் இருக்கிறது என்றும் காலையில் கேள்விப்பட்டேன். தயவு செய்து அதை எடைக்குப் போட வேண்டாம். துளைத் தட்டுகள் மூன்றும் அதோடு இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நான் வரத் தயார். விருப்பமுள்ள மாணவ, மாணவியர் ஆறு பேர் போதும். 1/8 அளவில், 164 மி.மீ. குறுக்களவில், முன்பக்கம் வெட்டித் திறந்த ஒரு வாஸ்ப் செய்து துறைக்கே வைத்துவிடலாம். மாஸ்டர் ராடு வெளியே தெரிய வேண்டும்; புரொப்பெல்லரைக் கையால் சுற்றினால் ஒன்பது பிஸ்டனும் ஏறி இறங்க வேண்டும். அலுமினியமும் பித்தளையும் நம் 40 பேர் சேர்ந்தால் வந்துவிடும். முன்வரிசை நண்பர் தம் பங்கை இப்போதே தரலாம். கையால் சுற்றினாலும் ஓடுகிற எஞ்சின்தானே!

நான் செய்த வாஸ்பைச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்து மேஜையில் வைத்திருக்கிறேன். பூதக்கண்ணாடியும் இருக்கிறது. எல்லோரும் பாருங்கள், குழந்தைகளையும் கூட்டிவந்து காட்டுங்கள். ஃபின்களை மட்டும் நகத்தால் மீட்டிப் பார்க்காதீர்கள்.